கலெக்டர் கனவும் குரூப் 4 வேலையும்

கிராமத்துப் பள்ளியில் படித்த எங்களிடம் "பெரிய ஆளானதும் என்ன ஆகப் போற?" என்று கேட்டால் டாக்டர், டீச்சர், கலெக்டர் என மூன்று பதில்தான் வரும். நான் கலெக்டர் கோஷ்டி. சிவப்பு விளக்கு வைத்த வெள்ளைக் கார், டவாலி போட்டு முன்னால் நடக்கும் டபேதார், எழுந்து நிற்கும் ஊர். எங்களுக்குத் தெரிந்த கலெக்டர் அவ்வளவுதான். அவர் நாள் முழுக்க என்ன வேலை பார்ப்பார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சிவப்பு விளக்கும் 2017 மே மாதத்தோடு போய்விட்டது.

இப்போது நான் டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர். தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது புத்தகப் பட்டியல் அல்ல. நீங்கள் கேட்கும் வேலையில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று விசாரியுங்கள் என்பேன்.

என் செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். காலையில் வருமானச் சான்று, சாதிச் சான்றுக்கான ஆன்லைன் மனுக்கள். இணையம் ஒத்துழைத்தால் மதியத்துக்குள் முடியும். இடையில் பட்டா மாறுதலுக்கு ஒருவர் வருவார், அவர் அண்ணன் பின்னாலேயே ஆட்சேபணையோடு வருவார். பிறகு வயலுக்குப் போய் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று பார்த்து அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் ஏற்ற வேண்டும். மழை கொட்டினால் இடிந்த வீட்டையும் செத்த ஆட்டையும் கணக்கெடுத்து ராத்திரியே அறிக்கை தர வேண்டும். ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் என்ற பரம்பரைப் பதவியை 1980இலேயே ஒழித்தாயிற்று, ஆனாலும் சில பெரியவர்களுக்கு நான் இன்னும் கர்ணம்தான். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. மனிதர்களோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்களுக்கு இளநிலை உதவியாளர் பணி பொருந்தலாம், அங்கே கோப்புகளோடு மல்லுக்கட்டு.

கலெக்டர் வேலையையும் நேரில் பார்க்க வழி உண்டு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். ஓரமாக நின்று பாருங்கள். முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு, குடிநீர் என்று மனு மேல் மனு வந்துகொண்டே இருக்கும். ஆண்டுதோறும் ஊர்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகளோடு நாங்கள் உட்காரும்போதும் இதே கதைதான். அதைப் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லையா? தாராளமாக யூபிஎஸ்சிக்குப் படியுங்கள். கார் மட்டும்தான் கண்ணில் நின்றதென்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. சின்ன வயதுக் கனவை விடவும் மனமில்லாமல், வீட்டு நிலைமைக்காக உடனே ஒரு வேலையும் வேண்டும் என்று யூபிஎஸ்சி, குரூப் 1, குரூப் 2, குரூப் 4 என நான்கையும் ஒன்றாகப் படிக்கிறவர்கள் ஏராளம். முதல் மூன்றிலும் முதல்நிலை, முதன்மை என்று கட்டங்கள் உண்டு, விரித்து எழுதவும் தெரிய வேண்டும். குரூப் 4 ஒரே தேர்வு, நேர்காணல் கிடையாது. தகுதி பத்தாம் வகுப்புதான், ஆனால் பக்கத்து மேசையில் பொறியியல் படித்தவர் இருப்பார். போட்டி லட்சக்கணக்கில். உலக அரசியலை மணிக்கணக்கில் படித்துவிட்டு எட்டாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்தைக் கோட்டை விட்டால் இங்கே தரவரிசை சரிந்துவிடும். உடனே வேலை வேண்டும் என்றால் முதலில் இதை மட்டும் பிடியுங்கள். பெரிய தேர்வைச் சம்பளம் வந்த பிறகு எழுதலாம், வயது வரம்பைப் பார்த்துக்கொண்டு.

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாதி தமிழ். அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற பகுதியையே திருத்துவார்கள். ஆனால் 40 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு வேலை கிடைக்காது. தமிழ் மதிப்பெண்ணும் தரவரிசையில் சேரும் என்பதால் தொண்ணூறு கேள்விகளுக்கு மேல் குறி வையுங்கள். ஆறு முதல் பத்து வரை பள்ளிப் புத்தகங்களை, பாடத்தின் பின்னால் உள்ள பயிற்சிகளோடு, திரும்பத் திரும்பப் படிப்பதுதான் வழி. கணக்கும் திறனறிவும் 25 கேள்விகள். தனிவட்டி, கூட்டுவட்டி, விழுக்காடு, காலமும் வேலையும் ஆகியவற்றைத் தினமும் கொஞ்சம் போட்டால் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, எந்தக் கேள்வியையும் காலியாக விடாதீர்கள். பாடத்திட்டம் அவ்வப்போது மாறும். அறிவிக்கையில் உள்ளதை மட்டும் நம்புங்கள், யூடியூப் அண்ணன்களை அப்புறம் பார்க்கலாம்.

தேர்ச்சி பெற்றுக் கலந்தாய்வுக்குப் போகும்போது பதவியும் மாவட்டமும் நிமிடங்களில் முடிவாகிவிடும். நீங்கள் கேட்டது உங்கள் முறைக்கு முன்பே தீர்ந்திருக்கலாம். இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தை வீட்டிலேயே பேசி எழுதி எடுத்துப் போங்கள். கிராம நிர்வாக அலுவலர் பணியை எடுப்பதானால் பணியிடக் கிராமத்திலேயே தங்க வேண்டும் என்பது விதி. அதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.