மீன் தராசில் மோட்டாரை எடை போட்டது

மே மாதம் பிறந்துவிட்டால் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரின் வடகடலில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். போகும்போது சுகம், வத்தை என்கிற சின்னப் படகைத் தானே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போதுதான் கணக்குத் தீர்க்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓரா மீன் பிடிக்கலாம் என்று விடியலில் கிளம்பி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போயிருந்தேன். ஒன்பது மணிக்குக் காற்று ஏறியது. மோட்டாரை ஐந்தாம் ஸ்பீடில் வைத்தும் வத்தை நகர்கிறதா நிற்கிறதா என்று கரையிலிருக்கும் தென்னையைக் குறி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கரை சேர ஒரு மணி பத்து நிமிடம். கடைசி இருநூறு மீட்டர் கம்பு ஊன்றித்தான் வந்தேன். வடகடல் ஆழம் இல்லாதது என்பதால் பிழைத்தேன்.

வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "என்ன தம்பி, கரண்டு மோட்டாருக்குக் கரண்டு கட்டா?" என்றார்.

என்னிடம் இருப்பது 16 அடி ஃபைபர் வத்தை, 55 பவுண்டு ட்ரோலிங் மோட்டார், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) ட்யூபுலர் பேட்டரி. (ட்ரோலிங் என்று சொன்னால் இங்கே எல்லோரும் ட்ராலர் மடி இழுக்கிறேன் என்று நினைக்கிறார்கள். அதனால் நானும் கரண்டு மோட்டார் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.) போன வருடம் நன்றாக இழுத்த மோட்டார்தான். பேட்டரி விற்ற கடையில் கேட்டால் "மோட்டார் போயிருக்கும்" என்றார்கள். மோட்டார் விற்றவரிடம் கேட்டால் "பேட்டரி போயிருக்கும்" என்றார். மெக்கானிக்கைப் பிடிக்கலாம் என்றால் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், ஊரில் உள்ள அத்தனை கையும் விசைப்படகு பழுது வேலையில் இருக்கிறது. சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் ஒரு அளவு வேண்டும். "இழுவை குறைவு" என்பது மனசுக்குத் தெரியும், மீட்டருக்குத் தெரியாது. 55 பவுண்டு என்றால் சுமார் 25 கிலோ இழுவை. கிலோ என்றதும் மீன் வாங்கும் அக்காவின் தொங்கு தராசு ஞாபகம் வந்தது. 50 கிலோ ஸ்பிரிங் தராசு. கேட்டதற்கு, "மீனை நிறுப்பாங்க, நண்டை நிறுப்பாங்க. நீ எதைப்பா நிறுக்கப் போறே?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

காற்று எழும்பாத காலை ஆறு மணி. தொடையளவு தண்ணீர். கரையில் நட்டிருந்த கட்டையில் ஒரு கயிறு, அதில் தராசு, தராசின் கொக்கியிலிருந்து வத்தையின் பின்பக்கம் இன்னொரு கயிறு. மோட்டாரை முழு வேகத்தில் விட்டால் முள் ஆடி ஆடி 11 கிலோவில் நின்றது. பெட்டியில் போட்ட எண்ணில் பாதிகூட இல்லை.

ஸ்பீடு மாற்றிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒவ்வொன்றுக்கும் வேகம் மாறியது. இந்த மாதிரி ஐந்து ஸ்பீடு மோட்டாரில் உள்ளே இருக்கும் ஸ்பீடு காயில் எரிந்தால் கீழ் ஸ்பீடுகள் செத்து, ஐந்து மட்டும் ஓடும். அது இல்லை என்று ஆயிற்று.

அடுத்து காற்றாடி (புரொப்பெல்லர்). நட்டைக் கழற்றி இழுத்ததும் விஷயம் தெரிந்தது. ஷாஃப்டைச் சுற்றி தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு), விரல் தடிமனுக்கு, உருகி ஒட்டிப்போய் வளையமாகவே இருந்தது. நடுவில் கடல் தாழை (கடற்புல்). கத்தியால் கீறி எடுக்கவே அரைமணி. சீலுக்குள் நுழையாமல் இருந்தது என் அதிர்ஷ்டம்; நுழைந்திருந்தால் உப்புத் தண்ணீர் மோட்டாருக்குள்ளேயே போயிருக்கும். மறுபடி தராசு: 14.

அப்புறம் மீட்டர். மோட்டார் தண்ணீரில் முழு வேகத்தில் ஓடும்போதுதான் அளக்க வேண்டும், நிறுத்தி வைத்து அளந்தால் எல்லாமே நல்ல பிள்ளையாகத் தெரியும். பேட்டரி முனையில் 11.6 வோல்ட். மோட்டார் முனையில் 9.7. கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. எந்தப் பக்கம் என்று பார்க்க, மீட்டரின் ஒரு புரோப்பைப் பேட்டரியின் ஈயக் கட்டையிலும் மற்றதை அதே ஒயரின் மோட்டார் முனையிலும் வைத்தேன். பிளஸ் ஒயரில் 0.7, மைனஸில் 1.2. (கரண்டைப் பார்க்க கிளாம்ப் மீட்டர் வாங்குவதாக இருந்தால் டிசி அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். என்னுடைய பழையது ஏசி மட்டும்தான், பூஜ்யம் காட்டிக் குழப்பியது. இரவல் வாங்கிய மீட்டரில் 34 ஆம்பியர்.)

குற்றவாளி நான்தான். எடை சமமாக இருக்கட்டும் என்று பேட்டரியை அணியத்தில் (வத்தையின் முன்பக்கம்) வைத்து, பின்னால் மோட்டார் வரை ஐந்து மீட்டர் 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) வீட்டு ஒயரை இழுத்திருந்தேன். போக வர பத்து மீட்டர். 4 ஸ்கொயர் செம்புக்கு மீட்டருக்கு 4.6 மில்லி ஓம். 34 ஆம்பியர் ஓடினால் ஒயர் மட்டுமே ஒன்றரை வோல்ட் தின்னும். மீதி மைனஸ் பக்கத்து முதலைக் கிளிப்பில். அந்த முனையை உரித்துப் பார்த்தேன், செம்பு செம்பாக இல்லை. பச்சைக் களிம்பு பூத்து, விரலில் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. உள்ளே ஒரு சாண் தூரத்துக்கு அப்படியே.

வெள்ளீயம் பூசிய படகு ஒயர் ராமநாதபுரத்தில் கிடைக்கவில்லை. 16 ஸ்கொயர் வெல்டிங் கேபிள் வாங்கினேன். அலுமினியத்திலும் விற்கிறார்கள், முனையைக் கத்தியால் சுரண்டி செம்புதானா என்று பார்த்துக்கொள்ளவும். கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடையிலேயே பிரஸ் வைத்து லக் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்) அடித்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அதற்கு மேல் கிரீஸ். பேட்டரி பக்கத்தில் 60 ஆம்பியர் பிரேக்கர் ஒன்று. தராசில் 17½.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றிய பேட்டரி, காலையில் சும்மா இருக்கும்போதே 12.1 வோல்ட்தான் காட்டியது.

மூடிகளைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியை (கிராவிட்டி) அளக்கும் ஹைட்ரோமீட்டர் விட்டேன். அதில் 1180 என்றால் 1.18. ஐந்து செல்லில் 1180, ஒன்றில் 1150. இந்த ட்யூபுலர் பேட்டரி முழுசாக ஏறினால் 1240 இருக்க வேண்டும். ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது: கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்ட். 1.18 என்றால் 2.02, ஆறு செல்லையும் கூட்டினால் மீட்டர் சொன்ன 12.1 சரியாக வந்தது. அதனால்தான் கார் பேட்டரிக்குச் சொல்லும் 12.7ஐ இதில் எதிர்பார்க்கக் கூடாது. இதற்கு முழுசு என்றால் 12.5 பக்கம்.

அப்படியானால் பேட்டரி பாதிதான் நிறைகிறது. ஆனால் என் சார்ஜரில் ஆம்பியர் முள் ராத்திரி ஒன்பதுக்கே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுத்துவிடுமே? "நிறைந்துவிட்டது, அதான் இழுக்கவில்லை" என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி சார்ஜர் பக்கத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்தேன். பிளக் பாயிண்டில் அளந்தால் 188 வோல்ட். தெரு முழுக்க ஏசியும் ஃபேனும் ஓடுகிற நேரம். என் சார்ஜர் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சாமான். உள்ளே வருவது குறைந்தால் வெளியே போவதும் அதே விகிதத்தில் குறையும். பேட்டரி முனையில் 13.1. இந்த பேட்டரி நிறைய 14.4க்கு மேல் வேண்டும். கரண்ட் இரண்டு ஆம்பியர்கூட இல்லை. முள் படுத்தது வயிறு நிறைந்ததால் இல்லை, ஊட்டுகிற கைக்குத் தெம்பு இல்லாததால். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அதே பிளக்கில் 226, சார்ஜர் 14.3 கொடுத்தது, முள் துள்ளி எழுந்தது.

ஒரு தடவை கடலுக்குப் போனால் 60 ஏஎச் பக்கம் எடுக்கிறேன். ஒரு ராத்திரியில் திரும்ப வைத்தது 20கூட இருக்காது. இப்படிப் பல மாதம் அரைகுறையாகக் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் கெட்டிப்படும்.

15 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் சார்ஜர் ஒன்று வாங்கினேன், குறைந்த வோல்டேஜிலும் சரியாகக் கொடுக்கும் வகை. பேட்டரித் தண்ணீர் விட்டு மட்டம் சரிசெய்து, சமையலறை ஓரத்திலிருந்து திண்ணைக்கு மாற்றினேன். கொதிக்கிற பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன், அடுப்புப் பக்கம் இத்தனை நாள் வைத்திருந்தது சுத்த முட்டாள்தனம். இரண்டு நாள் மெதுவாக ஏற்றி, கடைசியில் சில மணி நேரம் 15.5 வோல்ட்டில் கொதிக்கவிட்டேன். தண்ணீர் விடுகிற பேட்டரிக்குத்தான் இந்த வைத்தியம், சீல் செய்த வகைக்குச் செய்துவிடாதீர்கள்.

ஐந்து செல் 1235க்கு வந்தது. அந்த ஆறாவது மட்டும் 1205ல் நின்றுகொண்டது. அசையவே இல்லை. சும்மா இருக்கும்போது 12.4, முழு வேகத்தில் மோட்டார் முனையில் 11.3, தராசில் 19½.

போன ஞாயிறு அதே இடம், அதே கச்சான். 35 நிமிடத்தில் கரை. ஓரா மூன்று கிலோ. தராசைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தத் தராசிலேயே அதை நிறுத்து அக்காவுக்கு ஒரு கிலோ கொடுத்தேன். ஆறாவது செல்லை மாதம் ஒரு தடவை அளந்து காலண்டரில் குறித்து வருகிறேன். 1180க்குக் கீழே போனால் பேட்டரிக்குப் பணம் சேர்க்க ஆரம்பிக்க வேண்டியதுதான்.