தடைக்காலமும் ரம்மியும்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் என் கைபேசிக் கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் இன்று காலையும் அதே பேச்சு. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசு தடை செய்தது சரியா? சரிதான் என்று அங்கேயே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வருமானம் இல்லை, கையில் கைபேசி மட்டும் இருக்கிறது. எங்கள் தெருத் தம்பி ஒருவன் அப்படித்தான் பணம் கட்டி ஆடும் இணைய ரம்மியில் இறங்கினான். முதல் நாள் நூறு ரூபாய் ஜெயித்தான். பிறகு வலை வாங்க வைத்திருந்த பணம் போயிற்று. அடுத்து அக்காளின் வளையல் அடகுக்குப் போயிற்று. ரீசார்ஜ் செய்ய வந்தவன் தலை நிமிரவே இல்லை. அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-லேயே சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மி, போக்கர் ஆகிய சீட்டாட்டங்கள் திறமை விளையாட்டுகள் என்று அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. சீட்டு சேர்ப்பதில் திறமை இருக்கலாம். கடன் வாங்கி நள்ளிரவில் ஆடுகிறவனை அந்தத் திறமை காப்பாற்றுமா?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பணம் கட்டாமல் ஆடும் பிள்ளைகளுக்கும் இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்னணு விளையாட்டுப் போட்டிகளுக்கும் தடையில்லை, தாராளமாக ஆடட்டும்.

நேற்று ஒரு பையன், குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைக் காட்டி, அந்த ரம்மிச் செயலியைக் கைபேசியில் ஏற்றித் தரச் சொன்னான். மறுத்துவிட்டேன்.