தட்டினார்களா, இல்லையா?

பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் ‘சூரியனில் மனிதர்கள்’ (1963) குறுநாவலைப் பாடமெடுக்கும்போது, அதன் கடைசிக் கேள்விக்கு என்னிடம் ஒரு விடை தயாராக இருக்கும். வேலை தேடி ஈராக்கிலிருந்து குவைத்துக்குத் திருட்டுத்தனமாகப் போகும் மூன்று பாலஸ்தீன அகதிகள், எல்லைச் சோதனையின்போது லாரித் தொட்டிக்குள் ஒளிந்திருந்து வெப்பத்தில் இறந்துபோகிறார்கள். “தொட்டியின் சுவரை ஏன் தட்டவில்லை?” என்று அவர்களைக் கூட்டிவந்த டிரைவர் அபுல் கைஸுரான் பாலைவனத்தில் கதறுகிறான். 1948 போரில் ஊரை இழந்த பின் பத்தாண்டுகள் வாய்மூடிக் காத்திருந்த பாலஸ்தீன அகதிகளைப் பார்த்து ஆசிரியரே கேட்பது அது என்பேன். பரவலான வாசிப்பும் அதுதான்.

“அவங்க தட்டலைன்னு சொல்றது டிரைவர் மட்டும்தானே சார்? அவன்தான் ஆபீஸுக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்தானே” என்றாள் ஒரு மாணவி. “கதை அதைக் கேள்வியாகவே விட்டுவிடுகிறது” என்று சொல்லி அடுத்த பகுதிக்கு நகர்ந்தேன். சொன்னது தவறில்லை. போதுமா என்பதுதான் உறுத்துகிறது.

நூலைப் புரட்டினால் அவள் பக்கம் வலுவாகத்தான் இருக்கிறது. ஆகஸ்ட் வெயில்; காலித் தண்ணீர் லாரியின் இரும்புத் தொட்டிக்குள் மூன்று பேர். ஈராக் எல்லையான சஃப்வானில் ஆறேழு நிமிடத்தில் வேலை முடிகிறது, துவண்டுபோய் வெளியே வருகிறார்கள். குவைத் பக்கத்து முத்லாவில், ஈராக்கின் பஸ்ரா நகர நடனக்காரி ஒருத்தியோடு டிரைவரைச் சேர்த்துக் கேலி பேசி அதிகாரிகள் கையெழுத்தை இழுத்தடிக்கிறார்கள். அவ்வளவு நேரமும் கதை அந்த அறைக்குள்தான் இருக்கிறது. தொட்டிக்குள் நடந்தது நமக்குத் தெரியாது.

ஆனாலும் பழைய வாசிப்பை விட மனம் வரவில்லை. அந்த மூவரில், பத்து ஒலிவ மரங்களை இழந்த அபூ கைஸ் காத்தே காலம் கழித்தவர். இன்னொருவனான மர்வானின் அப்பா, கான்கிரீட் கூரை வீட்டுக்காக, காலிழந்த ஷஃபீகாவைக் கட்டிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுப் போனவர். பயணக்கூலி தலைக்குப் பத்து தினார். மர்வானுக்கு மட்டும் ரகசியமாக ஐந்து. தனித்தனியே பேரம் பேசியவர்கள் சேர்ந்து தட்டுவார்களா? தட்டினால் பிடிபடுவார்கள், குவைத்தும் இல்லை, கூலியும் இல்லை. சத்தம் போடாமலிருக்கத்தானே பணம் பேசினார்கள்! அதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்வது?

இக்கதையைப் படமாக்கிய தவ்ஃபீக் சாலிஹ், ‘ஏமாற்றப்பட்டவர்கள்’ (1972) படத்தில் அவர்களைத் தட்டவே வைத்தார். எல்லை அலுவலகத்தின் ஏசி இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. அது அவருடைய விடை.

பிணங்களைக் குப்பைமேட்டில் போட்டுவிட்டு, பணத்தோடு மர்வானின் கைக்கடிகாரத்தையும் கழற்றிக்கொண்டவனின் சொல்லைச் சாட்சியமாக ஏற்க எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அவனும் அகதி, 1948 போரில் ஆண்மையை இழந்தவன். அந்தக் கதறலை வெறும் சாக்கு என்று தள்ளவும் முடியவில்லை.