ரிதம் வகுப்பு நாட்குறிப்பு: பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்த நர்ஸ்களுக்கான ரிதம் வகுப்பு, அதாவது மானிட்டர் திரையில் இதயத்துடிப்பின் ஒழுங்கைப் படிக்கும் வகுப்பு, இன்று தொடங்கியது. இதயத்தின் மின்னோட்டத்தைப் பிடிக்கும் எலக்ட்ரோடுகளை நெஞ்சில் ஒட்டுவதிலேயே முழு நேரமும் போனது. போகத்தான் வேண்டும். திரையில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி தோலில்தான் தொடங்குகிறது.

ஐந்து கம்பிகளில் இரண்டு, வலது இடது காறை எலும்புகளுக்குச் சற்றுக் கீழே. இன்னும் இரண்டு, விலா எலும்புகள் முடியும் இடத்தில் இருபுறமும். ஐந்தாவது மார்பில், வி1 என்ற மார்பு லீட் வேண்டுமென்றால் நான்காவது விலா இடைவெளியில், மார்பெலும்பின் வலது ஓரம். வலது காறைக்குக் கீழும் இடது அக்குள் பக்கமும் ஷாக் கொடுக்கும் டிஃபிப் பேடுக்கு இடம் விட்டு ஒட்ட வேண்டும். அவசர நேரத்தில் பேடுக்கு அடியில் எலக்ட்ரோடு இருந்தால் பிய்த்தெறிய நேரம் இருக்காது.

நிறங்களில் ஒரு பொறி உண்டு. அமெரிக்க முறைக் கம்பிகளில் வலது கை வெள்ளை, இடது கை கறுப்பு, இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை, மார்பு பழுப்பு. ஐரோப்பிய முறையில் அதே வரிசைக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை. அதாவது சிவப்பு ஒன்றில் கால், இன்னொன்றில் கை. நம் ஊர் வார்டுகளில் இரண்டு வகையும் கலந்து கிடக்கும். நிறத்தை மனப்பாடம் செய்வதைவிட, கம்பி முனையில் பொறித்திருக்கும் எழுத்தைப் படிப்பதே பாதுகாப்பு. வலது கையும் இடது காலும் மாறிவிட்டால், அந்த இரண்டுக்கும் இடையே பார்க்கும் லீட் 2 தலைகீழாகும். ஒழுங்கான சைனஸ் ரிதம், அதாவது இதயத்தின் இயல்பான ரிதம்கூட வேறெங்கிருந்தோ கிளம்புவதுபோலத் தெரியும்.

ஒட்டுமுன் முடியைக் கத்தரித்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்த காஸால் லேசாகத் தேய்க்கவும். ஸ்பிரிட் வேண்டாம், தோலை உலர்த்திவிடும். பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் ஜெல் காய்ந்துபோகும். காய்ந்த எலக்ட்ரோடு கோட்டை அலையவிடும். தினம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஜூன் 5, வியாழன்

இன்று கட்டங்கள். காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, ஐந்து சேர்ந்த பெரிய கட்டம் 0.20 நொடி. உயரத்தில் 10 மில்லிமீட்டர் என்றால் 1 மில்லிவோல்ட்.

ரிதம் சீராக இருந்தால் இரண்டு ஆர் முனைகளுக்கு (ஒவ்வொரு துடிப்பிலும் உயர்ந்து நிற்கும் கூர்முனை) நடுவே உள்ள பெரிய கட்டங்களால் 300ஐ வகுக்கவும். மூன்று கட்டம் என்றால் நிமிடத்துக்கு 100 துடிப்பு, நான்கு என்றால் 75, ஐந்து என்றால் 60. துல்லியம் வேண்டுமானால் சின்னக் கட்டங்களால் 1500ஐ வகுக்கலாம். சீரில்லாத ரிதத்துக்கு இரண்டு கணக்கும் உதவாது. அங்கே முப்பது பெரிய கட்டங்களை, அதாவது 6 நொடியை எடுத்து, அதற்குள் விழும் க்யூஆர்எஸ்களை (கீழறையின் துடிப்பைக் காட்டும் அலைக்கூட்டம்) எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டும்.

பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துகள் நெதர்லாந்தின் லைடன் நகரில் வேலை பார்த்த வில்லெம் ஐந்தோவன் வைத்தவை. ஈசிஜி (இதய மின்பதிவு) இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 1924இல் நோபல் பரிசும் பெற்றார். லீட் 1, 2, 3 என்ற கணக்கும் அவருடையதே. மானிட்டரில் எப்போதும் லீட் 2 ஓடுவதற்குக் காரணம், மேலறையின் மின்னோட்டம் ஏறக்குறைய அந்தத் திசையிலேயே போகிறது. அதனால் மேலறையைக் காட்டும் பி அலை நிமிர்ந்து தெளிவாகத் தெரியும். க்யூஆர்எஸ் அகலமான ரிதத்தைப் பிரித்தறிய மட்டும் வி1ஐயும் திரைக்குக் கொண்டுவாருங்கள்.

ஜூன் 6, வெள்ளி

படிக்கும் வரிசை. இதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சீரா, வேகம் என்ன, பி இருக்கிறதா, ஒவ்வொரு க்யூஆர்எஸ்ஸுக்கும் முன்னால் ஒன்றேதானா, பி தொடங்கி க்யூஆர்எஸ் தொடங்கும்வரையான பிஆர் இடைவெளி எவ்வளவு, க்யூஆர்எஸ் எவ்வளவு அகலம். பெயர் அதற்குப் பிறகு. திரையைப் பார்த்ததும் பெயர் சொல்லிப் பழகியவர்களுக்கு, அந்தப் பெயருக்கு ஒத்துவராத அலை கண்ணில் படவே படாது.

பிஆர் 0.12 முதல் 0.20 நொடி வரை இயல்பு. க்யூஆர்எஸ் 0.12க்குக் குறைவாக, அதாவது மூன்று சின்னக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு ஸ்ட்ரிப்: ஆர் முனைகளுக்கு இடையே 18 சின்னக் கட்டம், எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொரு க்யூஆர்எஸ்ஸுக்கும் முன்னால் ஒரு பி. பிஆர் ஆறு சின்னக் கட்டம். க்யூஆர்எஸ் இரண்டு. வேகம் 83, பிஆர் 0.24. சைனஸ் ரிதம், முதல் நிலை பிளாக், அதாவது மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்னோட்டத்தில் தாமதம். வகுப்பில் பாதிப் பேர் அளக்காமலே ‘நார்மல்’ என்றார்கள். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும், பிஆரை எண்ணாதவரை.

ஜூன் 10, செவ்வாய்

சீரில்லாத ரிதங்கள். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, சீர்கேட்டில் ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்பதே.

ஒழுங்கே இல்லை, பி இல்லை, அடிக்கோடு நடுங்குகிறது என்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஃபிப்: மேலறை ஒழுங்கின்றி நடுங்குவது. ஆனால் வேகம் 150க்கு மேல் போய்விட்டால் ஏஃபிப்கூடச் சீராக ஓடுவதுபோலக் கண்ணை ஏமாற்றும். ஒரு காகிதத்துண்டின் ஓரத்தில் மூன்று ஆர் முனைகளைக் குறித்து அடுத்த மூன்றின்மேல் நகர்த்திப் பாருங்கள், வண்டவாளம் வெளியாகும். ஏஃபிப்பில் மானிட்டர் காட்டும் எண் நிமிடத்துக்கு நிமிடம் தாவும், அதை எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணவும். மணிக்கட்டு நாடியில் எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வித்தியாசத்தையும் குறிக்கவும். சில துடிப்புகள் கைவரை வருவதில்லை.

ஏட்ரியல் ஃபிளட்டரில் மேலறையில் மின்னோட்டம் நிமிடத்துக்குச் சுமார் 300 முறை சுற்றும். இரண்டுக்கு ஒன்று கீழே இறங்கினால் துடிப்பு 150. ஆகவே சீரான, குறுகிய க்யூஆர்எஸ் கொண்ட ரிதம் 150ஐ ஒட்டி நின்றால் முதல் சந்தேகம் ஃபிளட்டர்மேல் இருக்கட்டும். ரம்பப் பல் போன்ற அலையில் ஒன்று க்யூஆர்எஸ்ஸிலோ அதன் பின்னால் வரும் டி அலையிலோ ஒளிந்திருக்கும். சைனஸ் டாக்கிகார்டியா, அதாவது வேகம் கூடிய சைனஸ் ரிதம், காய்ச்சல் இறங்கினால், வலி குறைந்தால், 138, 144, 131 என்று ஏறி இறங்கும். ஃபிளட்டர் ஒரே எண்ணில் மணிக்கணக்காக நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே மானிட்டரின் டிரெண்ட் பக்கத்தை (பழைய எண்களின் வரைபடம்) திறந்து பார்க்கப் பழகுங்கள், யாரும் திறப்பதில்லை.

வேகமான ரிதத்துக்கு டாக்டர் அடினோசின் ஊசி கொடுக்கச் சொன்னால் முதலில் ஸ்ட்ரிப்பை ஓடவிட்டு, பிறகு மருந்து. 6 மில்லிகிராம், பெரிய ரத்தக்குழாயில், ஒரே தள்ளலில், பின்னாலேயே 20 மில்லி சலைன். மருந்து சில நொடிகளில் கரைந்துவிடும். எஸ்விடி (கீழறைக்கு மேலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பு) அறுந்ததா, ஃபிளட்டரின் பற்கள் வெளியே வந்தனவா என்பதெல்லாம் அந்தச் சில நொடிக் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

பிளாக்குகள். இரண்டாம் நிலையில் இரண்டு வகை. வெங்கெபாக் வகையில் பிஆர் துடிப்புக்குத் துடிப்பு நீண்டு, கடைசியில் ஒரு பிக்குப் பின்னால் க்யூஆர்எஸ் வராது. மோபிட்ஸ் 2இல் பிஆர் மாறாமலே இருந்து திடீரென ஒன்று விழும். இரண்டாவதே ஆபத்து, எச்சரிக்கையின்றி முழு பிளாக்காக மாறலாம். பிரித்தறிய எளிய வழி: விழுந்த துடிப்புக்கு முந்தைய பிஆரையும் பிந்தைய பிஆரையும் அளந்து ஒப்பிடுங்கள். பிந்தையது குறுகியிருந்தால் வெங்கெபாக், சமமாக இருந்தால் மோபிட்ஸ் 2. இரண்டுக்கு ஒன்று என்று ஒழுங்காக விழுந்துகொண்டே இருந்தால் இந்த அளவை வேலை செய்யாது. அடுத்தடுத்து இரண்டு பிஆர் கிடைத்தால்தானே ஒப்பிட முடியும்?

முழு பிளாக்கில் பி அலைகள் தம் வேகத்தில், க்யூஆர்எஸ்கள் தம் வேகத்தில். கேலிப்பரை இரண்டு பிக்கு விரித்து அப்படியே நடத்திச் சென்றால் அது க்யூஆர்எஸ்ஸுக்குள்ளும் டிக்குள்ளும் ஒளிந்த பிகளைக் காட்டிக்கொடுக்கும். க்யூஆர்எஸ் குறுகி 40 முதல் 60 வரை இருந்தால் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏவி சந்திப்பு காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அகன்று 20 முதல் 40 வரை என்றால் கீழறை தாக்குப்பிடிக்கிறது, அதை நம்பி இருக்க முடியாது. துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் 1 மில்லிகிராம் தொடங்கிவைக்கலாம். அகன்ற க்யூஆர்எஸ் உள்ள பிளாக்கில் அது பெரும்பாலும் கேட்காது. அதற்குள், மின்தூண்டலால் இதயத்தைத் துடிக்கவைக்கும் வெளிப்புற பேசிங் பேடை ஒட்டிவிட வேண்டும்.

பிளாக் போலவே தெரியும் ஒன்று: முந்தி வந்த ஏபிசி (மேலறையிலிருந்து சீக்கிரமாக வரும் துடிப்பு) கீழே இறங்காமல் போவது. இடைவெளி விழுந்த இடத்துக்கு முந்தைய டி அலையைப் பாருங்கள். மற்ற டிகளைவிடக் கூர்மையாகவோ முண்டாகவோ இருந்தால் அதற்குள் ஒரு பி சீக்கிரமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பிகள் சம இடைவெளியில் வருகின்றனவா என்று அளந்தாலே இது பிடிபடும். பேஸ்மேக்கர் வரை பேச்சுப் போக வேண்டியதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அகன்ற க்யூஆர்எஸ், வேகமான ரிதம். மாறாக நிரூபணம் வரும்வரை அது விடிதான், அதாவது கீழறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பு. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதில் விவாதமே வேண்டாம். எஸ்விடி என்று நினைத்து வெரபமில் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். பி தனியாக நடந்துபோவது தெரிந்தாலோ, நடுவே ஒரு குறுகிய துடிப்பு நுழைந்தாலோ விடி உறுதி. ஆனால் அதைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் நோயாளியைக் கூப்பிட்டு, நாடியைத் தொட்டு, பிறகு தேடுங்கள். நாடி இருந்து அழுத்தம் சரிந்திருந்தால் சிங்க் போட்ட ஷாக், அதாவது ஆர் முனையோடு ஒத்துப்போகும் ஷாக். ஒவ்வொரு ஆர் மேலும் குறி விழுகிறதா என்று பார்த்துவிட்டே அழுத்தவும். நாடி இல்லையென்றால் சிங்க் கூடாது. விஎஃப்பில் (கீழறை ஒழுங்கின்றி நடுங்கி நாடி இல்லாத நிலை) சிங்க் பொத்தான் அணையாமல் இருந்தால் கருவி ஆரைத் தேடிக்கொண்டே இருக்கும், ஷாக் போகாது.

மூன்று அடுத்தடுத்த விபிசி (கீழறையிலிருந்து முந்தி வரும் துடிப்பு), வேகம் 100க்கு மேல் என்றால் அது விடி ஓட்டம். 30 நொடியைத் தாண்டினால் நீடித்தது. மாறாக, ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்ட பிறகு 60, 80 என்ற வேகத்தில் அகன்ற துடிப்புகள் வரிசையாக வந்து தானாகவே அடங்குவதுண்டு. வேகம் கூடிய கீழறை ரிதம் அது. அழுத்தம் நன்றாக இருந்தால் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அலாரம் விடி என்று கத்துகிறதே என்று விடியை அடக்கும் லிடோகெயின் ஏற்ற வேண்டாம்.

டோர்ஸாட் என்பது விடியில் தனி வகை. பிரெஞ்சு மருத்துவர் தெசெர்தென் 1966இல் விவரித்தது. முனைகள் மேலும் கீழுமாக அடிக்கோட்டைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு முன்பே திரையில் அடையாளம் இருக்கும்: க்யூஆர்எஸ் தொடக்கம் முதல் டி அலை முடியும்வரையான க்யூடி நீண்டிருக்கும். வேகம் 60 முதல் 100க்குள் இருக்கும்போது, க்யூடி ஆர்ஆர் இடைவெளியில் பாதியைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். வேகத்துக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்ட க்யூடி 500 மில்லிநொடியைக் கடந்தால் உடனே. ஆன்டன்செட்ரான், அசித்ரோமைசின், ஹாலோபெரிடால் என்று சாதாரணமாக எழுதப்படும் மருந்துகளே க்யூடியை நீட்டும். பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்தால் இன்னும் மோசம். டோர்ஸாட் வந்துவிட்டால் மெக்னீசியம் சல்ஃபேட் 2 கிராம் நரம்பில்; நாடி போனால் சிங்க் இல்லாத ஷாக்.

ஜூன் 20, வெள்ளி

போலிகள். பல் தேய்த்தால் விடி வரும், குளிரில் நடுங்கினால் விஎஃப் வரும், திரையில். பார்க்கின்சன் நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 முறை. நிமிடக் கணக்கில் 240 முதல் 360. ஃபிளட்டரின் எண் அப்படியே வந்துவிடுகிறது. கேலிப்பரை இயல்பான ஆர்ஆர் அளவுக்கு விரித்துப் போலி அலையின் ஊடே நடத்துங்கள். சிறிய கூர்முனைகள் அதே இடைவெளியில் தலைகாட்டினால் அடியில் பழைய ரிதம் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே விரல் கருவி நாடியைக் காட்டும் பிளெத் அலையும் சாட்சி: திரையில் 200, பிளெத்தில் ஒழுங்காக 78 என்றால் பிளெத் சொல்வதைக் கேளுங்கள்.

எண் இரட்டிப்பது வேறு கதை. டி அலை க்யூஆர்எஸ் அளவுக்கு உயர்ந்தால் மானிட்டர் இரண்டையும் எண்ணும். 70 என்பது 140 ஆகும். லீடை மாற்றினால் எண் சரியாகிவிடும், ஆனால் டி ஏன் அவ்வளவு கூர்மையாக உயர்ந்தது? பொட்டாசியம் கூடியிருக்கலாம், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், டயாலிசிஸ் நோயாளி என்றால் கேட்கவே வேண்டாம். பி தட்டையாகி க்யூஆர்எஸ்ஸும் அகலத் தொடங்கினால் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க முடியாது. 12 லீட் ஈசிஜி எடுத்து டாக்டரைக் கூப்பிட்டு, கால்சியம் குளுக்கோனேட்டைக் கையில் வைத்துக்கொள்ளவும்.

பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மானிட்டரில் பேசிங் கண்டறிதலை இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பேஸ்மேக்கரின் தூண்டல் விழுத்தும் குத்துக்கோட்டையே துடிப்பாக எண்ணிக்கொண்டு, பின்னால் க்யூஆர்எஸ் வராமல் இதயம் நின்றுபோனாலும் 70 என்று காட்டிக்கொண்டிருக்கும்.

க்யூஆர்எஸ்ஸுக்கும் டிக்கும் நடுவே உள்ள எஸ்டி பகுதியின் மாற்றத்தை மானிட்டர் ஃபில்டரில் தீர்மானிக்காதீர்கள். 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவதால் எஸ்டி ஏறியும் இறங்கியும் பொய் சொல்லும். 12 லீட் எடுக்கவும்.

ஜூன் 24, செவ்வாய்

தட்டைக் கோடு. அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராக இருந்தால் பெரும்பாலும் கம்பி கழன்றிருக்கிறது; உண்மையான அசிஸ்டோலில், அதாவது இதயத்தின் மின்னோட்டமே நின்றுபோன நிலையில், கோடு மெல்ல அலையும். நோயாளி அசையவில்லை, நாடி இல்லை என்றால் ஒருவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கட்டும், இன்னொருவர் கம்பியைப் பார்த்து, கெயினை (திரையில் அலையின் உயரம்) கூட்டி, லீடை மாற்றட்டும். நுண்ணிய விஎஃப் ஒரு லீடில் தட்டையாகத் தெரிந்து இன்னொன்றில் வெளிப்படும். அசிஸ்டோலுக்கு ஷாக் கிடையாது. கோட்டில் பிகள் மட்டும் வந்துகொண்டிருந்தால் தனியாகச் சொல்லுங்கள், அங்கே பேசிங்குக்கு வாய்ப்புண்டு.

அழகான சைனஸ், 80, நாடி இல்லை. இதுவும் நடக்கும். திரை காட்டுவது மின்சாரத்தை, ரத்த ஓட்டத்தை அல்ல. சிபிஆர், அட்ரினலின் 1 மில்லிகிராம், கூடவே காரணத் தேடல்: ரத்த இழப்பு, ஆக்சிஜன் குறைவு, பொட்டாசியம், இதய உறைக்குள் ரத்தம், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பு, நெஞ்சுக்குள் காற்று.

வகுப்பின் கடைசிப் பகுதி பதிவு. ஷிஃப்ட் தொடக்கத்தில் ஒன்று, ரிதம் மாறும்போதெல்லாம் ஒன்று என 6 நொடி ஸ்ட்ரிப். ஓரத்தில் பெயர், ஐபி எண், தேதி, நேரம், எந்த லீட், வேகம், பிஆர், க்யூஆர்எஸ், அதன் பிறகே ரிதத்தின் பெயர். அந்த நேரத்து ரத்த அழுத்தமும் நோயாளி எப்படி இருந்தார் என்பதும். அது வெப்பக் காகிதம். சில மாதங்களில் வெளுத்துவிடும், மேலே செலோடேப் ஒட்டினால் இன்னும் சீக்கிரம். கேஸ் ஷீட்டில் வைக்குமுன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.