தலை ஆடினாலும் எழுத்து ஏன் ஆடுவதில்லை?

கட்டைவிரலை ஒரு கை தூரத்தில் நீட்டி, அதன் ரேகைகளைப் பாருங்கள். தலையை அசைக்காமல் விரலை மட்டும் நொடிக்கு இரண்டு முறை இடவலமாக ஆட்டினால் ரேகைகள் கலைந்துபோகும். இப்போது விரலை நிறுத்திவிட்டு, அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். ரேகைகள் தெளிவாகவே தெரியும்.

விரலைத் துரத்தும்போது, பார்த்ததை மூளை கணக்கிட்ட பிறகுதான் கண் நகரும். அதற்குச் சுமார் 100 மில்லி செகண்ட் ஆகிவிடும். தலை திரும்பினாலோ செய்தி, தலையின் சுழற்சியை உணரும் உள்காதின் அரைவட்டக் குழாய்களிலிருந்து வருகிறது. அங்கிருந்து கண் தசைக்கு மூன்றே நரம்பணுக்கள் கொண்ட குறுக்குவழி. சுமார் 10 மில்லி செகண்டில் கண் எதிர்த்திசையில் திரும்பிவிடும்.

இந்த வழி கெட்டால் என்ன ஆகும்? ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசியால் உள்காது பாதிக்கப்பட்ட ஒரு மருத்துவர் 1952இல் தன் அனுபவத்தை எழுதினார். படுத்துக்கொண்டு படித்தால்கூட, நாடித்துடிப்பால் தலை லேசாக அசைந்து எழுத்துகள் குதித்தனவாம். கட்டிலின் கம்பிகளுக்கு நடுவே தலையை அழுத்தி வைத்துத்தான் அவரால் படிக்க முடிந்தது. நம் கண் ஓயாமல் செய்யும் வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

புதுக் கண்ணாடி போட்டதும் தலை சுற்றுவதிலும் இந்தக் குறுக்குவழிக்குப் பங்குண்டு. மைனஸ் 5 பவர் லென்ஸ் காட்சியைச் சுருக்குவதால், தலை 10 டிகிரி திரும்பும்போது கண் ஏறக்குறைய 9 டிகிரி திரும்பினால் போதும். மூளை இந்தப் புதுக் கணக்கைப் பழக வேண்டும். அதனால் கண்ணாடியை விடாமல் போட்டிருப்பதே நல்லது.

தலையில் மாட்டி மெய்நிகர் காட்சி பார்க்கும் பெட்டியான விஆர் ஹெட்செட்டில் சிக்கல் இன்னும் கூடுதல். 90 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 90 படங்கள் காட்டும் திரையில், ஒரு ஃபிரேமுக்கு (ஒரு படத்துக்கு) 11 மில்லி செகண்ட். தலை நொடிக்கு 100 டிகிரி வேகத்தில் திரும்பும்போது, கண் காட்சியில் ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நகர்கிறது. ஃபிரேமோ திரையில் ஒரே இடத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. விளைவு, 1.1 டிகிரி இழுவல். டிகிரிக்கு 20 பிக்சல் (திரைப் புள்ளி) என்றால் 22 பிக்சல் அகலத்துக்கு எழுத்து கலைந்து பரவிவிடும். திரையை 2 மில்லி செகண்ட் மட்டும் எரியவிட்டால் இழுவல் 4 பிக்சலாகக் குறையும். வெளிச்சமும் குறையும் என்பதுதான் அதற்கான விலை.

கோளாறு எதில் என்று பிரித்தறிய, காட்சியில் ஓர் எழுத்தை உற்றுப் பார்த்தபடி தலையைத் திருப்புங்கள். எழுத்து இருந்த இடத்திலேயே கலைந்து பரவினால், ஃபிரேம் அதிக நேரம் எரிகிறது. தலையோடு சற்று இழுபட்டுப் பின் இடத்துக்குத் திரும்பினால், படம் வரத் தாமதமாகிறது; தலை அசைவுக்கும் படத்துக்கும் இடையே 20 மில்லி செகண்டுக்குள் இருந்தால் நல்லது. ஓரம் மட்டுமின்றி முழுக் காட்சியும் மங்கித் தெளிந்தால், முதலில் பட்டையை இறுக்குங்கள். பெட்டி வழுகி, லென்ஸின் மையம் கண்மணியை விட்டு விலகியிருக்கும்.