முட்டை வண்டியிலிருந்து பத்துச் சக்கர லாரிக்கு: ஹெவி லைசென்ஸ் எடுத்த அனுபவம்

ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்று சொன்னதும், எங்கள் நாமக்கல் பக்கம் பல பேர் கேட்டது ஒரே கேள்விதான். “கார் லைசென்ஸே போதும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சே, அப்புறம் எதுக்குங்க?”

தீர்ப்பு வந்தது உண்மை. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கொடுத்தது. ஆனால் அதில் 7,500 கிலோ என்ற வரம்பு இருக்கிறது. வண்டியும் அதற்கு அனுமதித்த லோடும் சேர்ந்த மொத்த எடை அதற்குள் இருந்தால், மஞ்சள் போர்டாகவே இருந்தாலும் எல்.எம்.வி. லைசென்ஸ், அதாவது கார் லைசென்ஸே போதும். நான் இதுவரை முட்டை லோடு அடித்த பிக்கப், டாடா ஏஸ், தோஸ்த் எல்லாம் இதில் வந்துவிடும். சித்தப்பாவின் கோழிப்பண்ணைக்கு மக்காச்சோளம் ஏற்றிவரும் பத்துச் சக்கர லாரி வராது. அதன் மொத்த எடை 25 டன்னுக்கும் மேல்.

இதில் வண்டியின் தோற்றத்தை நம்பவே கூடாது. நான்கு சக்கர லாரிகளிலேயே 7,500-க்குள் இருப்பதும் உண்டு, அதைத் தாண்டுவதும் உண்டு. ஆர்.சி.யில் மொத்த எடை என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். லைசென்ஸ் பொருந்தாத வண்டியில் விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை ஓனரிடமே திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஒரு குடும்பத்தின் நிலமே போய்விடும்.

அப்பாவின் பழைய லைசென்ஸில் ‘ஹெவி கூட்ஸ்’ என்று இருக்கும். அந்தக் காலத்தில் பஸ்ஸுக்குத் தனி, லாரிக்குத் தனி. மீடியத்திலும் இதே மாதிரி இரண்டு. 1994 நவம்பரில் இந்த நான்கையும் சேர்த்து ‘டிரான்ஸ்போர்ட்’ என்று ஒன்றாக்கிவிட்டார்கள். நான் எடுத்தது அதைத்தான்.

இதற்கு 20 வயது முடிந்திருக்க வேண்டும், எல்.எம்.வி. எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். எட்டாவது பாஸ் வேண்டும் என்ற விதியை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் தாண்டாத எத்தனையோ நல்ல டிரைவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அரசின் ‘சாரதி’ இணையதளத்தில் விண்ணப்பம், டாக்டர் கையெழுத்தோடு படிவம் 1ஏ, எல்.எல்.ஆர்., அதிலிருந்து 30 நாள் கழித்து டெஸ்ட். காகித வேலை அவ்வளவுதான். டாக்டர் பச்சை, சிவப்பு நிறம் தெரிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அடுத்தது டிரைவிங் ஸ்கூல். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்குப் பயிற்சிச் சான்றிதழ், அதாவது படிவம் 5, கட்டாயம். முதலில் விசாரித்த இடத்தில், “நீங்க வர வேண்டாம், சர்டிபிகேட் நாங்க பார்த்துக்கறோம்” என்றார்கள். கேட்கவே பயமாக இருந்தது. லோடோடு ரோட்டில் இறங்கும் ஆளுக்கு ஓட்டத் தெரியுமா என்பதை வேறு யார் பார்ப்பது? சொந்த லாரி வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வேறு இடத்தில் சேர்ந்தேன்.

அங்கே மாஸ்டர் முதலில் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. இன்ஜினை ஓட விட்டு, டேஷ்போர்டில் ஏர் பிரஷர் முள் ஏறுவதைப் பார்க்கச் சொன்னார். பிக்கப்பில் மிதித்தால் ஆயில் பிரேக் பிடிக்கும். லாரியில் பிடிப்பது காற்று. டேங்கில் காற்று ஏறாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. இறக்கத்தில் சும்மா சும்மா பிரேக்கை மிதித்தால் முள் கீழே இறங்குவதையும் காட்டினார். கியரைக் குறைத்து இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறக்கப் பழகியது அதற்கப்புறம்தான்.

அதைவிட என்னை உலுக்கியது இடதுபக்கத் திருப்பம். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வருவதில்லை, உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. மாஸ்டர் ஒரு சைக்கிளை முனையில் சாத்தி வைத்துவிட்டுத் திருப்பச் சொன்னார். முன்பக்கம் தாராளமாகத் தாண்டியது. இடது கண்ணாடியில் பார்த்தால் பின்சக்கரம் சைக்கிளை ஒட்டி வந்து நின்றது. “டூவீலர்காரன் அங்கதாங்க நிப்பான், கண்ணாடியப் பார்க்காம ஒடிக்காதீங்க” என்றார். இவ்வளவு நாள் பைக்கில் போகும்போது நானே லாரிகளின் இடதுபக்கம் நுழைந்து போயிருக்கிறேனே என்று நெஞ்சு பதறியது.

டெஸ்டும் லாரியில்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், ரிவர்ஸ் போகச் சொன்னார், கை சிக்னல் கேட்டார். உருப்படியாகப் பயிற்சி எடுத்தவருக்கு இதில் கஷ்டமே இல்லை.

கையில் வரும் கார்டில் இரண்டு தேதி இருக்கும். சொந்த வண்டிக்கானது பல வருஷம் ஓடும், டிரான்ஸ்போர்ட்டுக்கு 5 வருஷம்தான். பெரிய தேதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முடியும் தேதிக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷம் தாண்டினால் மறுபடி டெஸ்ட். எங்கள் ஊரில் கேஸ் டேங்கர் அதிகம் என்பதால் இதையும் சொல்கிறேன்: ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு இந்த லைசென்ஸ் மட்டும் போதாது. தனிப் பயிற்சி எடுத்து லைசென்ஸில் பதிய வேண்டும், அதற்குக் காலம் 3 வருஷம்தான்.