வடக்கே தலை

"தலை எந்தப் பக்கம் வரணும்?" என்று குழாய் வேலைக்கு வந்தவர் பிரெஞ்சில் கேட்டார். ஒரு கணம் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிவிட்டேன். நம் வீட்டில் அந்தக் கேள்வியை எப்போது கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கேட்டது குளியல் தொட்டியைப் பற்றி.

பாரிசுக்கு வெளியே, பழைய கட்டடம் ஒன்றின் உச்சி மாடி எங்களுடையது. கூரைச் சரிவு குளியலறைக்குள் அப்படியே இறங்கிவரும். இங்கே அடுக்குமாடி வீடு விற்கும்போது, 1.80 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள தரையைப் பரப்பளவில் சேர்க்கக் கூடாது. 1996இல் வந்த சட்டம். ஆக, அந்தக் குனிந்துபோகும் மூலை எங்களுக்குக் கொத்தமல்லி மாதிரி கொசுறாக வந்தது. ஷவருக்கு நிற்கிற உயரம் வேண்டும், தொட்டியில்தான் படுத்துக்கொள்ளலாமே என்று அங்கே தொட்டி போட முடிவு செய்தோம்.

கடலூர்த் திருப்பாப்புலியூரிலிருந்து வீடியோவில் பார்த்த அம்மா, "ஏன்டி, பரண்லயா குளிக்கப் போற? பரண்ல வெங்கலப் பாத்திரந்தானே போடுவாங்க?" என்றாள். என் வீட்டுக்காரர் புதுச்சேரி சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் வியட்நாம்வரை போனவர்கள்; "எங்க தாத்தா சைகோன்லயே தொட்டியிலதான் குளிச்சாரு" என்று பெருமையாகச் சொன்னார். தாத்தா கதை கூரைச் சரிவுக்கு உதவாது.

வார்ப்பிரும்புத் தொட்டி மேல் எனக்கு ஒரு கண். வெறும் தொட்டியே 100 கிலோவுக்கு மேல், தண்ணீர் 150 லிட்டர் என்றால் இன்னொரு 150 கிலோ, அப்புறம் நான். அடியில் பழைய மரத்தளம். கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் அப்பர் மிதந்து நம்மூர்க் கரையில் ஏறினார், கரையேறவிட்டகுப்பம் என்று ஊரே இருக்கிறது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அக்ரிலிக் வாங்கினோம்.

வில்லங்கம் திசையில் வந்தது. சரிவு தெற்கே இறங்குகிறது. கடைசிச் சுவரின் உயரம் 90 சென்டிமீட்டர்தான், வடிகால் குழாயும் அங்கேதான். கால் தாழ்ந்த பக்கம், தலை உயர்ந்த பக்கம் என்று போட்டால் எழுந்து நிற்கலாம், வெளியே வரலாம். வேலைக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் தலை வடக்கே!

"வடக்கே தலைவச்ச ஆனைக்கு என்ன ஆச்சுன்னு தெரியாதா?" என்றாள் அம்மா. தூங்கப் போவதில்லை, குளிக்கத்தான் என்றேன். "படுக்கறதானே?" என்றாள். பதில் இல்லை. தெற்கே தலைவைத்தால் சாஸ்திரம் சரி, ஆனால் எழுந்து நிற்கும்போது மண்டை கூரையில் இடிக்கும். ஆனைக்கு ஒரு தடவைதான், எனக்குத் தினமும்.

சுவரையொட்டி நீளவாக்கில் போட்டால் கிழக்கே தலை. ஆனால் 45 பாகைச் சரிவு, தொட்டி அகலம் 75. தொட்டியின் வெளிவிளிம்பில் கூரை 165 சென்டிமீட்டர். என் உயரமும் அதேதான். தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு நிமிர வழியில்லை. கடைசியில் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித் தொட்டியை வைத்து, இடைவெளியில் ஒரு திட்டு கட்டச் சொன்னேன். விளிம்பில் 195 கிடைத்தது. திட்டில் சீயக்காய் டப்பா. இதற்காக அவர் வடிகாலை நீட்ட வேண்டியிருந்தது. தண்ணீர் ஓடும் வாட்டம் குறையக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தார். காரணத்தை நான் சொல்லவில்லை. யானை, பிள்ளையார் எல்லாம் என் பிரெஞ்சுக்கு அடங்காது.

திருப்பாப்புலியூர் வீட்டில் கிணற்றடிக்குக் கூரையே கிடையாது. துவைக்கிற கல், அண்டா, மேலே முருங்கைமரம். எந்தப் பக்கம் தலை என்று அங்கே யாரும் கேட்டதில்லை, நின்றுகொண்டேதானே குளித்தோம்.

இப்போது பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கிழக்கே தலைவைத்து, கழுத்துவரை வெந்நீரில் கிடக்கிறேன். இதைவிட வேறென்ன வேண்டும் என்றுகூட அம்மாவிடம் சொன்னேன். போன வாரம் அப்படிக் கிடந்தபோது, கூரைச் சன்னலில் மழை பிடித்துக்கொண்டது. 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த விடிகாலை ஞாபகத்துக்கு வந்தது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்க, அம்மா ஒழுகும் இடமெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டே போனாள். பரணில் இருந்த வெங்கலப் பாத்திரங்கள்கூடக் கீழே இறங்கின. எல்லாம் தீர்ந்து கடைசியில் குளிக்கிற சொம்பு.

படுத்தபடியே கையை உயர்த்திச் சரிவைத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.